மூன்று தவணை

ஏற்காட்டுக்கு வேன் ஏறும்போது
பதினான்காவது கொண்டை ஊசியில் பர்வீன் வாந்தி எடுத்தாள்.
எங்கள் ஒன்பதாம் நம்பர். பந்து
அவள் கையிலிருந்துதான் எனக்கு வரவேண்டும்.
எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மோந்து பாரு என்றோம்.
சேலம் கீழே எங்கோ
வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

மைதானம் சரிவு.
ஒரு கோல் கம்பம் சில்வர் ஓக் மரங்களோடு கலந்திருந்தது,
இன்னொன்றைப் பனி தின்றிருந்தது.
கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டவர்
ஞாபகத்தில் போட்டாராம். நேராகத்தான் இருந்தது.

முதல் பாதி முழுக்கக் கையில் வைத்து ஓடினோம்.
ஓடினோம் என்றால், மூன்றடி. அப்புறம் விழுந்தோம்.
எதிரில் காப்பி மூட்டை ஏற்றிப் பழகிய தோள்கள்.
சுவர் என்று சொல்லமாட்டேன்,
சுவர் எழுந்து வந்து மோதாது.

இடைவேளையில் ஏழுக்குப் பூஜ்யம்.
அப்போதுதான் சொன்னேன், பந்தைக் கொடுத்துவிடலாம்.
தமயந்தி முறைத்தாள்.
ஜலகண்டாபுரத்திலிருந்து பஸ் மாறிப் பயிற்சிக்கு வருகிறவள்,
விங்கில் நின்று குளிரில் விறைத்து
ஒரு பந்தைக்கூட இன்னும் தொடாதவள்.
"இருக்கறதே ஒரு பந்து. அதையும் குடுத்துட்டு?"

நான் ஒரு ஃபைனான்ஸில் கணக்கு எழுதுகிறேன்,
ஐந்து ரோடு பக்கம், மாடியில்.
பெட்டிக்குள் கிடக்கிற பணம்
யாரையும் நம்ம பக்கம் நடக்கவைக்காது என்பார் முதலாளி.
மோசமான மனிதர்.
இந்த ஒன்றை மட்டும் சரியாகச் சொல்வார்.

முதல் உதை மேலே போனது.
மிக மேலே. பனிக்குள் போய்விட்டது.
முப்பது பேரும் அண்ணாந்தோம்.
பந்தில்லாத ஒரு விளையாட்டு
இரண்டு நொடி நடந்தது.
கீழே ரோஸ்லின், அவர்களுடைய பதினைந்தாம் நம்பர்.
மாடியிலிருந்து எறிந்த சாவிக்கொத்தைப் போல
அலட்டாமல் பிடித்தாள்.
கரையில் சிரித்தார்கள்.
"சேலத்துப் புள்ள தானமா குடுக்குது பாரு!"

இரண்டாவதும் அவளிடமே, பத்து மீட்டர் தள்ளி.
மூன்றாவது அதற்கும் பின்னால்.
பின்னோக்கி ஓடி, வழுக்கி, நிமிர்ந்து,
"மார்க்!" என்று அவள் கத்தியது
பகோடா பாயிண்ட் வரை கேட்டிருக்கும்.
எல்லாரும் அவள் கையைப் பார்த்தார்கள்.
நான் காலைப் பார்த்தேன்.

மறுபடி பர்வீனிடம் பந்து வந்தபோது
ரோஸ்லினின் வலது குதிகால்
செம்மண்ணில் புதைந்திருந்தது,
கூப்பிடும் முன்பே பின்னால் போவதற்கு.
அவளுக்கும் அவர்கள் வரிசைக்கும் நடுவே
ஈரப் புல், ஒரு காகம், வேறு யாருமில்லை.
அந்த இடத்தை மூன்று தவணையில் வாங்கியிருந்தேன்.
பத்திரம் பதிவதுதான் பாக்கி.

உயர அடிப்பதுபோலவே உடம்பைச் சாய்த்தேன்.
கண்ணையும் வானத்துக்கு அனுப்பினேன், பொய் சொல்ல.
பந்தைத் தரையோடு உருட்டிவிட்டேன்.
காகம் பறந்தது.

உருண்டைப் பந்தென்றால் இங்கேயே முடிந்திருக்கும்.
இது முட்டை.
இரண்டு முறை அடக்கமாக உருண்டு
மூன்றாவதில் யாரோ கூப்பிட்டதுபோல் இடப்பக்கம் துள்ளியது.
தமயந்தியைத் தாண்டி,
ரோஸ்லின் பாய்ந்து நீட்டிய விரலைத் தாண்டி,
பர்வீன் முன்னால்.
அவள் ஏன் அங்கே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.
கோட்டுக்கு அந்தப்பக்கம்
பந்தின்மேல் விழுந்தாள்.
ஐந்து புள்ளி.

தோற்றோம். ஏழுக்கு ஐந்து.
கூடுதல் இரண்டுக்கான உதையையும் நான்தான் அடித்தேன்.
அது பனிக்குள் போனது. எந்தப் பக்கம் போனதென்று
நடுவர்களுக்கு மட்டும் தெரியும்.

குழாயடியில் முழங்கால் மண்ணைக் கழுவும்போது
ரோஸ்லின் வந்து நின்றாள்.
தட்டுவடை செட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன்.
ஒன்றை எடுத்து, கடிக்காமல்,
"நான் முன்னாடி வரமாட்டேன்னு எப்படித் தெரியும்?"
"உன் குதிகால் சொல்லுச்சு."
காரம் ஏறிய வாயோடு கொஞ்சநேரம் யோசித்தாள்.
"அடுத்த தடவ முன்னாடியே நிப்பேன்."
"நில்லு. தலைக்கு மேல அடிப்பேன்."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில்
மேலே பார்த்தோம்.
ஒன்றும் தெரியவில்லை.